இயந்திரப் பொறியியலில் முனைவர் பட்டம்

வெப்பம், பாய்மம், பொருள்களின் வலிமை, உற்பத்தி முறை, இயந்திர வடிவமைப்பு ஆகிய துறைகளுள் ஒன்றில் புதிதாக ஒன்றைக் கண்டறிந்து, அதை ஆய்வேடாக எழுதித் தேர்வாளர்கள் முன் நிலைநாட்டுவோருக்கு வழங்கப்படும் பட்டம். பேச்சு வழக்கில் 'மெக்கானிக்கல் பிஎச்டி'.

அமெரிக்காவின் முதல் பொறியியல் முனைவர் பட்டமாகக் கருதப்படுவது, 1863-இல் யேலில் ஜோசையா வில்லார்டு கிப்ஸ் பெற்றது. ஸ்பர் கியர் எனப்படும் நேர்ப்பல் சக்கரங்களின் பற்கள் எந்த வடிவில் அமைய வேண்டும் என்பதே அவர் ஆய்வு. வேதியியல் வெப்ப இயக்கவியலுக்குப் பின்னாளில் அடித்தளமிட்டவர் தொடங்கியது ஒரு பல்லின் வளைவில்தான்.

இந்தியப் பல்கலைக்கழகங்களில் இப்பட்டத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகள் பொருந்தும். ஆய்வுக் காலம் குறைந்தது 3 ஆண்டு, கூடியது 6 ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டு வரை கிடைக்கும். பெண் ஆய்வாளர்களுக்குக் கூடுதல் காலச் சலுகை உண்டு. முதலில் கோர்ஸ்வொர்க் எனப்படும் பாடங்களை முடிக்க வேண்டும். பேராசிரியர் ஒருவர் ஒரே நேரத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே நெறியாளராக இருக்கலாம்.

காலத்தைப் பெரிதும் விழுங்குவது சோதனைக்கூடம். சுமை மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதால் உலோகம் முறியும் 'உலோகச் சோர்வை' ஆராய்பவரை எடுத்துக்கொள்வோம். கையளவு உலோகத் துண்டு ஒன்றைச் சோதனை இயந்திரத்தில் பொருத்தி, நொடிக்கு 30 முறை இழுத்துத் தளர்த்துகிறார். ஒரு கோடி முறை தாங்குகிறதா என்று பார்க்க ஏறத்தாழ 4 நாள் இரவும் பகலும் இயந்திரம் ஓட வேண்டும். வரைபடத்தில் அது ஒரே ஒரு புள்ளி. ஒரே உருக்கில் வார்த்த துண்டுகள்கூட ஒரே எண்ணிக்கையில் முறிவதில்லை. ஆகவே ஒவ்வொரு சுமைக்கும் பல துண்டுகள் வேண்டும். வரைபடத்தில் ஒரு வளைகோடு விழுவதற்குள் மாதங்கள் கடந்துவிடும். துண்டைக் கடைந்தபோது விழுந்த மெல்லிய கீறலிலிருந்து முறிவு தொடங்கியிருந்தால் அந்த அளவீட்டை நம்ப முடியாது. முறிந்த முகத்தை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே அது தெரியவரும். இந்தப் பொறுமைதான் இப்பட்டத்தின் உண்மையான பயிற்சி. கணினிக் கணக்கீட்டை மட்டும் நம்பும் ஆய்விலும், அதன் விடையைச் சோதனையோடு ஒப்பிடாமல் விடுவது பெருங்குறை.

ஆய்வேட்டை நிறுவனத்துக்கு வெளியிலுள்ள தேர்வாளர் குறைந்தது இருவர் மதிப்பிடுவர். அதன்பின் வாய்மொழித் தேர்வு நடக்கும். இதழில் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிகள் நீக்கின. ஆயினும் பல நிறுவனங்கள் தம் அளவில் அதைக் கேட்கின்றன.

சேர விரும்புவோர் நிறுவனத்தின் பெயரைவிட, நெறியாளரின் சோதனைக்கூடத்தில் என்ன கருவி ஓடுகிறது என்பதை நேரில் பார்த்து முடிவெடுப்பது நல்லது. அவரிடம் பட்டம் பெற்றவர்களின் ஆய்வேடுகளையும் படித்துப் பார்க்க வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் பல 'சோத்கங்கா' இணையக் களஞ்சியத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.