வடசென்னையில் போதைப் பழக்க மீட்புச் சேவைகள்

வடசென்னையில் போதைப் பழக்க மீட்புச் சேவைகள் என்பன இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய துறைமுக, தொழிற்சாலைப் பகுதிகளில் வாழும் மக்கள் மது, கஞ்சா, அபினி சார்ந்த போதைப்பொருட்கள், வலிநீக்கி மாத்திரைகள் ஆகியவற்றின் பழக்கத்திலிருந்து மீள்வதற்கு உதவும் மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள், தன்னுதவிக் குழுக்கள் முதலியவற்றைக் குறிக்கும். இவற்றுள் பெயர்பெற்ற பல நிறுவனங்கள் வடசென்னைக்கு வெளியே, அடையாறு, கீழ்ப்பாக்கம் போன்ற இடங்களில் அமைந்துள்ளன. ஆகவே சேவை உண்டா என்பதோடு, அதைச் சென்றடைய முடியுமா என்பதும் இப்பகுதி மக்களுக்கு முக்கியமான கேள்வியாகும்.

பின்னணி

வடசென்னை, சென்னையின் பழைய உழைப்பாளர் பகுதியாகும். சென்னைத் துறைமுகம், காசிமேடு மீன்பிடித் துறைமுகம், திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகள், மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, 2001-ல் செயற்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம் (இன்றைய காமராசர் துறைமுகம்) ஆகியவை இங்கு அமைந்துள்ளன. சுமை தூக்குவோர், மீனவர், சரக்குந்து ஓட்டுநர், ஒப்பந்தத் தொழிலாளர் ஆகியோரில் பலர் நாட்கூலிக்கு உழைப்பவர்கள். உடல்வலி, இரவுப்பணி, சரக்குந்து வரிசையில் நீண்ட காத்திருப்பு ஆகியவை குடியோடு எளிதில் இணைந்து விடுகின்றன. எனினும் குடிநோயை இவ்வட்டாரத்துக்கு மட்டும் உரியதாகக் காட்டும் திரைப்படங்களின் சித்திரம் நியாயமானதன்று.

திருவொற்றியூர், கத்திவாக்கம் (எண்ணூர்) நகராட்சிகள் 2011-ல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. ஆனால் 2018 வரை இவை வருவாய் நிர்வாகத்தில் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருந்தன. மாவட்ட வாரியாக வெளியிடப்பட்ட பழைய சேவைப் பட்டியல்களைப் பார்ப்போர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஊசிவழிப் போதையும் களப்பணியும்

'பிரவுன் சுகர்' எனப்படும் தூய்மையற்ற எராயின் 1980களில் சென்னையில் பரவியது. முதலில் இதனைப் புகையாக இழுத்தனர். பின்னர் 1990களில் பலர், வலிநீக்கியாக விற்கப்பட்ட புப்ரெனார்பின் மருந்தை ஊசியாகச் செலுத்திக்கொள்ளத் தொடங்கினர். இது எராயினை விட மலிவாகவும் எளிதாகவும் கிடைத்ததே காரணமாகும். ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டதால் எச்.ஐ.வி.யும் ஹெப்படைட்டிஸ் சி-யும் பரவின.

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று 1986-ல் சென்னையில்தான், மருத்துவர் சுனிதி சாலமன் தலைமையிலான ஆய்வில், முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அவர் 1993-ல் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பு 2005-2006-ல் சென்னையில் ஊசிவழிப் போதை பயன்படுத்துவோர் 1,158 பேரைத் தொடர் ஆய்வில் சேர்த்தது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. அதே காலப்பகுதியில் பொதுமக்களிடையே இந்த அளவு நூற்றுக்கு ஒன்றைக்கூட எட்டவில்லை என்பதோடு ஒப்பிட்டால் நிலைமையின் தீவிரம் விளங்கும். பலர் திருமணமானவர்களாதலால் தொற்று மனைவியரையும் எட்டியது.

இவர்களில் பெரும்பாலோர் தாமாக மருத்துவமனைக்கு வருவதில்லை. ஆகவே சகாய் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் களப்பணியாளர்களைத் தெருவுக்கே அனுப்பின. முன்பு போதை பயன்படுத்தியவர்களே களப்பணியாளர்களாக அமர்த்தப்பட்டது இம்முறையின் சிறப்பாகும். போதையை நிறுத்தினால்தான் உதவி என்று நிபந்தனை விதிக்காமல், தூய ஊசி வழங்குதல், புண்ணுக்கு மருந்திடுதல், பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுதல் ஆகியவற்றில் தொடங்குவது தீங்குக் குறைப்பு எனப்படும். இது போதையை ஊக்குவிக்கும் என்ற எதிர்ப்பு இன்றும் எழுவதுண்டு. ஆனால் உயிரோடு இருப்பவரே பின்னர் சிகிச்சைக்கு வர முடியும் என்பதே இதற்கான எளிய விடை.

எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்துகள் அரசு மருத்துவமனைகளில் 2004 ஏப்ரல் முதல் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஹெப்படைட்டிஸ் சி-க்கு 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இலவச மருந்து உண்டு.

அரசு மருத்துவமனைகள்

வடசென்னை மக்களுக்கு மிக அருகில் உள்ள பெரிய அரசு மருத்துவமனை ஸ்டான்லி மருத்துவமனையாகும். இதனோடு இணைந்த மருத்துவக் கல்லூரி 1938-ல் கல்லூரி நிலை பெற்றது. இங்குள்ள மனநல மருத்துவத் துறையின் புறநோயாளர் பிரிவில் குடிநோய்க்கும் சிகிச்சை பெறலாம். கல்லீரல் பாதிப்பு, வலிப்பு போன்ற உடல்நோய்களும் சேர்ந்திருந்தால் பொது மருத்துவமனையே பொருத்தமான இடம் எனலாம்.

கீழ்ப்பாக்கத்தில் உள்ள அரசு மனநலக் காப்பகம் 1794-ல் தோன்றியது. இங்கு போதை மீட்புக்கெனத் தனிப் பிரிவு உள்ளது. 2025 பிப்ரவரியில் தமிழக அரசு 'கலங்கரை' என்னும் பெயரில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை மாநிலத்தில் 25 இடங்களில் தொடங்கியது.

டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம்

டி. டி. கே. மருத்துவமனை என்று பரவலாக அறியப்படும் இந்நிறுவனம் அடையாறில் உள்ளது. குடிநோயால் இளவயதில் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் இதனை 1980-ல் தொடங்கினார். இவருக்கு 1992-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. சிகிச்சை பெறுபவரின் குடும்பத்தினருக்கும் தனியே பயிற்சி அளிப்பது இந்நிறுவனத்தின் தனித்தன்மையாகும். குடிநோயாளியின் மனைவியும் பிள்ளைகளும் அந்நோயைச் சுற்றியே தம் வாழ்வை அமைத்துக்கொண்டு விடுவதால் அவர்களுக்கும் மீட்பு தேவை என்பது இதன் அடிப்படை. ஊருக்குள் சென்று முகாம் அமைத்துச் சிகிச்சை தரும் முறையையும் இந்நிறுவனம் உருவாக்கியது.

எண்ணூரிலிருந்து அடையாறு 25 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. 2021-ல் விம்கோ நகர் வரை நீட்டிக்கப்பட்ட மெட்ரோ தொடர்வண்டி பயண நேரத்தை ஓரளவு குறைத்துள்ளது. ஆயினும் நாட்கூலிக்காரருக்கு, தங்கிச் சிகிச்சை பெறும் நாட்களின் கூலி இழப்பே பெருஞ்சுமையாகும். விசைப்படகு மீனவருக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலமாகும். வேலையில்லாத இந்நாட்களில் குடி மிகுவதற்கும் வாய்ப்புண்டு, சிகிச்சைக்கு நேரமும் உண்டு. முகாம்களை இக்காலத்தில் காசிமேட்டிலேயே நடத்தினால் மிகுந்த பயன் விளையும்.

சிகிச்சையின் படிகள்

முதற்படி நச்சகற்றல் ஆகும். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை தோன்றும். முதலிரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் மனக்குழப்பமும் இல்லாதவை தெரிவதும் ஏற்படலாம். இந்நிலை உயிருக்கு ஆபத்தானது. எனவே 'வீட்டில் பூட்டி வைத்தால் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கை மிகத் தவறானது. மருத்துவமனையில் இதற்கு உறக்க மருந்துகளும் தயமின் (உயிர்ச்சத்து பி1) ஊசியும் அளிக்கப்படுகின்றன. குடிப்பவருக்குத் தெரியாமல் உணவில் கலக்கச் சொல்லி விற்கப்படும் மருந்துகளையும் தவிர்க்க வேண்டும். டைசல்பிரம் போன்ற மருந்தை உட்கொண்டவர் அதையறியாமல் குடித்தால் இரத்த அழுத்தம் வீழ்ந்து இறக்கவும் நேரலாம்.

எராயின் போன்றவற்றை நிறுத்துவது கடும் வேதனை தருமெனினும் அது மட்டுமே உயிரைப் பறிப்பது அரிது. இங்கு ஆபத்து பின்னரே வருகிறது. சில வாரம் நிறுத்தியவரின் உடல் தாங்குதிறனை இழந்திருக்கும். சிகிச்சையிலிருந்தோ சிறையிலிருந்தோ வெளிவந்து பழைய அளவையே மீண்டும் செலுத்திக்கொண்டால் மூச்சு நின்று இறக்கக்கூடும். இதனாலேயே, நாள்தோறும் மேற்பார்வையில் நாவின்கீழ் வைக்கும் புப்ரெனார்பின் மாற்று மருந்துச் சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. ஊசியாகத் தீங்கு செய்த அதே மருந்து இங்கு சிகிச்சையாவது குறிப்பிடத்தக்கது.

நச்சகற்றல் ஓரிரு வாரங்களில் முடிந்துவிடும். பலர் இதனையே முழுச் சிகிச்சை எனக் கருதி வீடு திரும்புகின்றனர். மறுமுறை குடிப்பதைத் தோல்வியாகக் கொள்ளாமல் நீரிழிவு, காசநோய் போலத் தொடர் கண்காணிப்பு வேண்டும் நோயாகக் கொள்வதே இன்றைய மருத்துவ நோக்கு. 2019-ல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றிருந்தார்.

தன்னுதவிக் குழுக்கள்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935-ல் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றியது. சென்னையில் இதன் கூட்டங்கள் தேவாலயக் கூடங்கள், பள்ளிகள் போன்ற இடங்களில் தமிழிலும் நடைபெறுகின்றன. கட்டணம் இல்லை, பெயர் வெளியிடப்படுவதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. குடும்பத்தினருக்கு அல்-அனான், பிற போதைப்பொருள் பயன்படுத்தியோருக்கு நார்காட்டிக்ஸ் அனானிமஸ் ஆகியவை உள்ளன. மாலை வேளையில் மதுக்கடைக்குப் பதிலாகச் செல்ல ஓர் இடம் கிடைப்பதே இவற்றின் முதற்பயன் என்று சொல்லலாம்.

சட்டப் பாதுகாப்பு

கைது அச்சத்தால் பலர் சிகிச்சையைத் தவிர்க்கின்றனர். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, போதைக்கு அடிமையான ஒருவர், தம் பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்டு, தாமே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட நிலையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்கு பெறலாம். சிகிச்சையை முழுமையாக முடிக்காவிடில் விலக்கு நீக்கப்படலாம். கஞ்சாவுக்குச் சிறிய அளவு 1 கிலோ, எராயினுக்கு 5 கிராம் ஆகும்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்தது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை இச்சட்டம் முற்றிலும் தடை செய்கிறது. தங்கிச் சிகிச்சை தரும் மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற வேண்டும். எனினும் பதிவற்ற மையங்கள் இயங்குவதும் அவற்றில் அடி உதை நடப்பதும் அவ்வப்போது செய்தியாகின்றன. 2022-ல் சென்னை இராயப்பேட்டையில் தனியார் மையம் ஒன்றில் தங்கியிருந்தவர் இறந்தது தொடர்பாகக் கொலை வழக்கு பதியப்பட்டது. ஒரு மையத்தில் சேர்க்கும் முன், பதிவுச் சான்றினைக் காட்டும்படி கேட்பதும், மருத்துவர் நாள்தோறும் வருகிறாரா, நோயாளியோடு தொலைபேசியில் பேசவும் நேரில் பார்க்கவும் விடுவார்களா என விசாரிப்பதும் குடும்பத்தினரின் உரிமையாகும்.

தொலைபேசி உதவி

போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446. மனநல ஆலோசனைக்கு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இதில் தமிழில் பேசலாம். தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104. வலிப்பு, நினைவிழப்பு, மூச்சுத் திணறல் ஆகிய நிலைகளில் 108 அவசர ஊர்தியை அழைத்தல் வேண்டும்.