கொல்யூர்: பெயரிலேயே ஊர் உள்ள ஊர்

மத்தியதரைக் கடல் என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது வெனிஸ், பார்சிலோனா, ஏதென்ஸ். டூர் கம்பெனிக்காரர்களும் அவற்றைத்தான் சுற்றிக் காட்டுகிறார்கள். பிரான்சின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில், கொல்யூர் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. மக்கள்தொகை 3,000-ஐத் தொடாது. பெயரில் 'ஊர்' இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம், ஆனால் அதற்கும் தமிழுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை!

என் அத்தை மகன் துலூஸ் நகரத்தில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். போன வருடம் மே மாதம் நானும் வீட்டம்மாவும் வதோதராவிலிருந்து போயிருந்தபோது, "மாமா, கூட்டம் இல்லாத கடற்கரை வேணும்னா கொல்யூர் போங்க" என்று ரயில் ஏற்றிவிட்டான். பெர்பிஞான் தாண்டியதும் ஒரு பக்கம் பிரனீஸ் மலை, மறு பக்கம் கடல். இறங்கினால் படிப்படியாகத் திராட்சைத் தோட்டங்கள், கூழாங்கல் கடற்கரை, தண்ணீரை ஒட்டி ஒரு கோட்டை, ஒரு மாதா கோயில். உப்பில் பதப்படுத்திய நெத்திலி இங்கே பிரசித்தம். நம் புவிசார் குறியீடு மாதிரி அதற்கும் 2004-ல் ஐரோப்பிய அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. நாங்கள் சைவம், அதனால் கடை போர்டைப் பார்த்ததோடு சரி.

இனி சரித்திரத்துக்கு வருவோம். இந்த ஊர்க்காரர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள், நாடுதான் மாறிக்கொண்டே இருந்தது. அரகான் அரசர்கள், பிறகு மயோர்க்கா அரசர்கள் (அவர்களுடைய ராஜ்யம் 1276 முதல் 1344 வரை), திரும்பவும் அரகான், அப்புறம் ஸ்பெயின். 1642-ல் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்தது. 1659-ல் பிரனீஸ் ஒப்பந்தம் கையெழுத்தானதும் சட்டப்படியும் பிரான்ஸ் ஆகிவிட்டது. பதினான்காம் லூயியின் கோட்டை நிபுணர் வோபான் வந்து, பீரங்கிக்கு இடைஞ்சல் என்று கோட்டையைச் சுற்றியிருந்த பழைய ஊரையே இடிக்க வைத்தார். பழைய கோயிலும் போனது. இன்று எல்லோரும் போட்டோ எடுக்கும் கோயில் 1684-க்கும் 1691-க்கும் இடையில் கட்டியது. அதன் மணிக்கூண்டு, ஏற்கெனவே அங்கிருந்த கலங்கரை விளக்கம்தான். மக்கள் பேசியது கட்டலான் மொழி. 1700-ல் அரசு ஆவணங்களில் அதற்கும் தடை வந்தது.

1905 கோடையில் மத்தீஸ், தெரேன் என்ற இரண்டு ஓவியர்கள் இங்கே தங்கி, இருக்கிற நிறத்தை விட்டுவிட்டு மனதில் தோன்றிய நிறத்தில் கடலையும் படகையும் வரைந்தார்கள். அந்த இலையுதிர் காலத்தில் பாரிஸ் கண்காட்சியில் அவற்றைப் பார்த்த ஒரு விமர்சகர் 'காட்டு விலங்குகள்' என்று எழுத, அதுவே 'ஃபோவிசம்' என்று ஒரு பாணியின் பெயராகிவிட்டது. அவர்கள் நின்று வரைந்த இடங்களில் இப்போது அந்தப் படங்களின் நகல்களை வைத்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் அதோடு திரும்பிவிடுகிறார்கள். ஊருக்கு நடுவிலுள்ள பழைய கல்லறைத் தோட்டத்துக்கும் போய்விட்டு வர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்பெயின் உள்நாட்டுப் போர் 1936 முதல் 1939 வரை நடந்தது. 1939 ஜனவரி கடைசியில் பார்சிலோனா பிராங்கோவின் படையிடம் விழுந்ததும், சில வாரங்களில் ஏறக்குறைய 4,75,000 பேர் பிரான்ஸ் எல்லையைக் கடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஸ்பெயினின் பெரிய கவிஞர் அந்தோனியோ மச்சாதோவும் இருந்தார். வயது 63, உடம்பு சரியில்லை. கூடவே எண்பதைத் தாண்டிய தாயார், தம்பி ஹோசே, தம்பி மனைவி. மழையில் எல்லையைக் கடந்தபோது அவருடைய கைப்பெட்டி தொலைந்தது. அதில் அவர் எழுதி வைத்திருந்த தாள்கள் இருந்தன. ஓர் இரவை ரயில் பெட்டியில் கழித்துவிட்டு, ஜனவரி 28 அன்று கொல்யூரில் இறங்கினார்கள்.

வங்கிக்காரன் கண்ணுக்கு அடுத்துப் படுவது பணம்தானே! குடியரசு அரசு 1936 ஜூலைக்குப் பிறகு அச்சடித்த நோட்டுகள் செல்லாது என்று பிராங்கோ தரப்பு அறிவித்திருந்தது. பிரான்ஸ் பக்கமும் அவற்றை வாங்க ஆள் இல்லை. 2016 நவம்பரில் நான் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன். கையில் இருக்கும் நோட்டு ஒரே இரவில் காகிதமானால் மனிதர் முகம் எப்படிப் போகும் என்று பார்த்திருக்கிறேன். நம் ஜனங்களுக்காவது மாற்றிக்கொள்ள ஒரு வரிசை இருந்தது. இவர்களுக்குப் பின்னால் அரசாங்கமே இல்லை.

கொல்யூரில் கின்தானா அம்மாள் என்பவர் தன் ஓட்டலில் இடம் கொடுத்தார். மாற்றுச் சட்டை இல்லாததால் அண்ணனும் தம்பியும் ஒருவர் மாற்றி ஒருவராகத்தான் சாப்பிட இறங்கி வந்தார்களாம். அக்கம்பக்கத்துக் கடைக்காரப் பெண்மணி துணிமணி கொடுத்தார். ஓட்டல் பதிவேட்டில் 'பேராசிரியர்' என்று இருந்ததைப் பார்த்து, பள்ளியில் இவர் கவிதையைப் படித்திருந்த ரயில்வே ஊழியர் ஒருவர்தான் அடையாளம் கண்டுகொண்டார்.

என்னை உலுக்கியது அந்தத் தாயாரின் கதை. ரயிலடியிலிருந்து நடக்க முடியாத அவரைக் கூட வந்த எழுத்தாளர் ஒருவர் கையில் தூக்கிவந்தார். அப்போது அவர் கேட்டது, சீக்கிரம் செவில் போய்விடுவோமா என்று. செவில்தான் அவருடைய ஊர். நாடு போனதும், எல்லை தாண்டியதும் அவர் மனதில் ஏறவே இல்லை.

வெளியூரில் அம்மாவையோ அப்பாவையோ வைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வதோதராவில் மூன்றாவது மாடியில் என் அம்மா வாரத்துக்கு இரண்டு தடவை கேட்கிறாள், "எப்படா கும்பகோணம் போறோம்?" நானும் "லீவு கிடைக்கட்டும்மா" என்கிறேன். எங்களுக்குப் போக ஊர் இருக்கிறது, ரயில் இருக்கிறது. இல்லாதது லீவு மட்டும்தான். டிரான்ஸ்பர் ஆர்டரில் வந்தவனுக்கும் துரத்தப்பட்டு வந்தவனுக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் இது சின்ன வித்தியாசம் இல்லை.

பிப்ரவரி 22 அன்று மச்சாதோ இறந்தார். மூன்றே நாளில் தாயாரும் போய்விட்டார். குடியரசு வீரர்கள் அவர் பெட்டியைச் சுமந்தார்கள். கின்தானா அம்மாளின் தோழி தன் குடும்பக் கல்லறையில் இடம் கொடுத்தார். அண்ணன் மனுவேலும் கவிஞர்தான், ஆனால் போரில் பிராங்கோவின் பக்கம் இருந்துவிட்டவர். தம்பி இறந்த செய்தி கேட்டு ஓடிவந்தவருக்கு, அம்மாவும் இல்லை என்பது கொல்யூர் வந்த பிறகுதான் தெரிந்தது. 1958-ல் பலர் நிதி சேர்த்துத் தாய்க்கும் மகனுக்கும் சேர்த்து இப்போதுள்ள கல்லறையைக் கட்டினார்கள்.

ஊர் முழுக்க நல்லவர்கள் என்று சொல்லிவிட்டு முடிக்க முடியாது. பக்கத்து ஊரான அர்ஜலெஸ் கடற்கரையில் பல்லாயிரம் அகதிகளை முள்கம்பிக்குள், பிப்ரவரிக் குளிரில் வெறும் மணலில் அடைத்து வைத்தது பிரெஞ்சு அரசு. நாம் வாய் பிளந்து பார்க்கும் கொல்யூர் கோட்டையே 1939-ல் அகதிகளுக்கான தண்டனை முகாமாக இருந்தது. அதே வட்டாரத்தில் எல்ன் என்ற ஊரில், எலிசபெத் ஐடன்பென்ஸ் என்ற சுவிஸ் பெண்மணி அகதித் தாய்மார்களுக்காகப் பிரசவ இல்லம் நடத்தினார். 1939 கடைசியிலிருந்து 1944 வரை அங்கே பிறந்த குழந்தைகள் 597.

மச்சாதோ கல்லறையில் ஒரு தபால் பெட்டி இருக்கிறது. உலகம் முழுவதிலிருந்தும் வருபவர்கள் அவருக்குக் கடிதம் எழுதிப் போடுகிறார்கள். ஊரில் உள்ள ஓர் அறக்கட்டளை அவற்றை எடுத்துப் பத்திரப்படுத்துகிறது. கைப்பெட்டியைத் தொலைத்த மனிதருக்கு இப்போது ஆயிரக்கணக்கான தாள்கள்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் கடற்கரையிலிருந்து சில நிமிடம் நடந்தால் போதும், நுழைவுக் கட்டணம் கிடையாது. பையில் ஒரு வெள்ளைத் தாள் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதலாம், தப்பில்லை. நான் நாலு வரி எழுதிப் போட்டேன். எங்கள் வீட்டம்மா அந்தத் தாயார் பெயருக்குத் தனியாக எழுதினாள். என்ன எழுதினாள் என்று இன்றுவரை சொல்லவில்லை.