ஒரு பிழையான பெயரும் மூளைக்கான மூச்சும்

மொழியியல் பயின்றோர் நன்கறிவர்: ஒன்றுக்குப் பெயரிட்டுவிட்டால், அதைப் புரிந்துகொண்டோம் என்ற நிறைவும் உடன் வந்துவிடும். அந்த நிறைவு உயிர்களுக்கே கேடாய் முடிந்த நிகழ்வொன்று மருத்துவ வரலாற்றில் உண்டு.

1952ஆம் ஆண்டுக் கோடைக்காலம். டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் (போலியோ) கொள்ளைநோயாய்ப் பரவியது. பிளெக்டம் மருத்துவமனையில் இருந்தவை ஓர் இரும்பு நுரையீரலும், மார்பின்மேல் பொருத்தும் ஆறு சுவாசக் கருவிகளுமே. முதல் மூன்று வாரங்களில் அவற்றின் உதவி பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர். அவர்களது குருதியில் பைகார்பனேட் மிகுந்திருந்ததைக் கண்ட மருத்துவர்கள் அதனைக் 'காரமிகை' என்றழைத்தனர். காரணம் மட்டும் அவர்களுக்குப் புலப்படவில்லை.

மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் அதே அளவீட்டை வேறாக வாசித்தார். வெளியேற வழியின்றி உடலில் தேங்கிய கரியமிலவாயுவின் தடயமே அது என்றார். ஆக்சிஜன் கொடுத்ததால் நோயாளியின் நிறம் தெளிந்தாலும், தேங்கிய வாயு மூளையை மயக்கத்தில் ஆழ்த்திக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழாயில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். பின்னர் ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பைகளை அழுத்தினர். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கரியமிலவாயு அளவுக்கு மீறிக் குறைந்தால் மூளையின் குருதிக்குழாய்கள் சுருங்கும். மிகையாக மூச்சுவிடும்போது மூளைக்குச் செல்லும் குருதி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் கேட்டியும் ஷ்மிட்டும் 1940களிலேயே அளந்து காட்டியிருந்தனர். குருதியில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் மூளைக்குப் போதிய அளவு சேராத நிலை அது. ஆயினும், மூளையின் அழுத்தத்தைத் தணிக்கும் பொருட்டு, தலைக்காயமுற்றோருக்குக் கருவி மூலம் மிகைச்சுவாசம் அளிக்கும் வழக்கம் பல்லாண்டு நீடித்தது. முன்னெச்சரிக்கையாக அவ்வாறு செய்யப்பட்டோரில் ஒரு பிரிவினர், ஆறு மாதம் கழிந்தும் மற்றவர்களைவிடப் பின்தங்கியே இருந்தனர் என 1991இல் ஓர் ஆய்வு காட்டியது. அதன்பின் அவ்வழக்கம் தளர்ந்தது.

இன்று தீவிர சிகிச்சைப் பிரிவின் திரையில் உறவினர் தேடுவது ஆக்சிஜன் எண்ணை. அதே திரையில் ஏறியிறங்கும் கரியமிலவாயுக் கோட்டையும் மருத்துவர் கவனிக்கிறார். கோபன்ஹேகனில் இறந்த அந்த 27 பேருக்கு அப்படியொரு கோடு இருக்கவில்லை. தவறான ஒரு பெயர் மட்டுமே இருந்தது.