சைகையைப் பார்க்க மறுத்தவர்

தோழர்களே, பேஸ்பால் நமக்குப் பழக்கமில்லாத ஆட்டம். அதில் கேட்சர் என்பவர், கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரைப் போல, மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர். அது மட்டுமல்ல, அடுத்து எந்தப் பந்தை எறிவது என்று பிட்ச்சருக்குச் சைகை காட்டுபவரும் அவர்தான். நாம் பேசவிருக்கும் வரலாறு இந்தச் சைகையில்தான் சிக்கிக் கிடக்கிறது.

மோசஸ் ஃப்ளீட்வுட் வாக்கர் 1856இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். ஓபர்லின் கல்லூரியில் படித்தவர். 1884இல் டொலிடோ அணிக்காக 42 ஆட்டங்கள் ஆடினார். பெரிய லீக்கில் கறுப்பினத்தவராக வெளிப்படையாக அறியப்பட்டு ஆடிய முதல் மனிதர். இன்றுள்ள தடித்த கையுறை அன்று கிடையாது. பெரும்பாலும் வெறுங்கைதான்.

அந்த அணியின் பிட்ச்சர் டோனி முல்லேன், வெள்ளையர். தான் பந்து எறிந்த கேட்சர்களிலேயே சிறந்தவர் வாக்கர்தான் என்று பல ஆண்டுகள் கழித்து, 1919இல், அவரே சொன்னார். கறுப்பர்களைப் பிடிக்காததால் வாக்கரின் சைகையைப் பார்க்காமல் மனம்போல எறிந்ததையும் அதே மூச்சில் சொன்னார். வளைபந்து கேட்டால் வேகப்பந்து வரும். ஒருநாள் வாக்கர் நேராகப் போய், சைகை காட்டிய பிறகு மாற்றி எறிந்தால் பிடிக்கமாட்டேன், சைகையே இல்லாமல் வேண்டுமானால் பிடிக்கிறேன் என்றார். மீதிப் பருவம் முழுக்க, என்ன வருகிறது என்று தெரியாமலேயே பிடித்தார்.

திறமையை ஒப்புக்கொள்வதில் முல்லேனுக்குச் சங்கடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு கறுப்பர் சொல்லித் தான் கேட்பதா என்பதுதான் அவர் பிரச்சினை. நம் பல்வாங்கர் பாலூவின் சுழற்பந்து இந்துக்கள் அணிக்கு வேண்டியிருந்தது. அவருக்குத் தலைமை மட்டும் கடைசிவரை தரப்படவில்லை. இரண்டும் ஒரே நோய்.

1883இலேயே சிகாகோ அணியின் கேப்டன் கேப் ஆன்சன், வாக்கர் இருந்தால் களமிறங்கமாட்டோம் என்றார். ஆடாவிட்டால் வசூலில் பங்கு இல்லை என்று டொலிடோ மேலாளர் சொன்னதும் இறங்கினார். கொள்கையைவிடக் காசு பெரிது! ஆனால் 1887 ஜூலை 14 அன்று இண்டர்நேஷனல் லீக் உரிமையாளர்கள் கூடி, இனிக் கறுப்பின ஆட்டக்காரர்களுடன் புதிய ஒப்பந்தம் இல்லை என்று முடிவெடுத்தார்கள். ஆதரவு 6, எதிர்ப்பு 4. பெரிய லீக்குகளிலோ அப்படியொரு விதி எழுதப்படவே இல்லை. எழுதாமலேயே எல்லோரும் கடைப்பிடித்தார்கள். எழுதாத விதியை எந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுபோவது?

1889இல் சிராகூஸ் அணியோடு வாக்கரின் ஆட்டம் முடிந்தது. 1908இல் ஒரு நூல் எழுதினார்: இந்த நாட்டில் நமக்கு வாழ்வில்லை, ஆப்பிரிக்காவுக்குப் போய்விடுவோம் என்று. அந்த முடிவில் நமக்கு உடன்பாடில்லை. ஆனால் அவரை அங்கே தள்ளிய கைகளை நமக்குத் தெரியும். 1924இல் இறந்தார். ஸ்டூபன்வில் ஊர்க் கல்லறையில், ஜாக்கி ராபின்சன் 1947இல் களமிறங்கிய பிறகும் பல பத்தாண்டுகள், அவர் குழிக்குப் பெயர்க்கல் இருக்கவில்லை.