ஸ்டெப்னி பிறந்த ஊர்

மோட்டார் வண்டி தோன்றிய ஆரம்ப தசையில், சக்கரத்தைக் கழற்றி மாற்றும் சௌகரியம் அநேகமாக எந்த வண்டியிலும் இருந்ததில்லை. 1895-ஆம் ஆண்டில் பாரிஸிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் காற்றடைத்த டயர்களோடு ஓட்டிச் சென்று, வழியெல்லாம் பஞ்சரோடு மல்லாடியது பிரசித்தம். குதிரை லாடங்களிலிருந்து உதிர்ந்த ஆணிகள் இறைந்து கிடந்த அந்நாளைய சாலைகளில் டயர் பழுதானால், வண்டியை ஜாக்கியால் தூக்கி நிறுத்தி, அச்சை விட்டு அகலாத மரச்சக்கரத்திலிருந்து டயரை நெம்புகோல்களால் பிரயாசைப்பட்டுப் பெயர்த்து, டியூபுக்கு ஒட்டுப் போட்டு, கைப்பம்பினால் காற்றடித்து முடிப்பதற்குள் பிரயாணத்தின் உற்சாகமே வற்றிப்போகும்.

இந்த அவஸ்தைக்குப் பரிகாரம் கண்டவர்கள், வேல்ஸ் தேசத்து லனெல்லி நகரில், ஸ்டெப்னி வீதியில் தொழில் நடத்திய டேவிஸ் சகோதரர்கள். 1904-இல் அவர்கள் அமைத்தது ஆரக்கால் இல்லாத வெறும் வளையம். அதன்மேல் காற்று நிரம்பிய டயர் தயாராக இருக்கும். பஞ்சரான சக்கரத்தின் பக்கவாட்டில் அதைக் கவ்விகளால் இறுக்கிவிட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாம். எளிமையே உருவான அரிய யுக்தி அது. பின்னர் கழற்றக்கூடிய சக்கரங்கள் வந்து அந்த வளையத்தை வழக்கொழித்தனவாயினும், வீதியின் பெயர் உபரிச் சக்கரத்தைக் குறிக்கும் சொல்லாக நம்மூர் ஓட்டுநர்களின் நாவில் நிலைத்துவிட்டது.

ஜாக்கியின் தேவை மட்டும் அன்றுபோலவே இன்றும் நீடிக்கிறது. அது வண்டியைத் தூக்குவதற்கு ஏற்பட்டது. நெடுநேரம் தாங்குவதற்கு ஏற்பட்டதன்று. ஆகையால், சமமான கெட்டித் தரையில் கைப்பிரேக்கைப் போட்டு, மூலைக்கு மூலை எதிரான சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்து, பழுதான சக்கரத்தின் நட்டுகளைச் சற்றுத் தளர்த்திய பிறகே வண்டியை உயர்த்துங்கள். உயர்ந்து நிற்கும் வண்டிக்கு அடியில் எக்காரணம் கொண்டும் உடலை நுழைக்காதீர்கள்.