கால் நீட்டல் சிகிச்சைக்குப் பின் உடலுழைப்புப் பணிக்குத் திரும்புதல்

அழகியல் கால் நீட்டல் என்பது, நோயோ கால்களில் ஏற்றத்தாழ்வோ இல்லாதவர்களுக்கு உயரத்தைக் கூட்டுவதற்காக மட்டும் தொடை எலும்பையோ கீழ்க்கால் எலும்பையோ வெட்டி நீட்டும் எலும்பியல் சிகிச்சை. நாற்காலியில் அமர்ந்து செய்யும் வேலைக்குச் சில மாதங்களில் திரும்பிவிடலாம். மிதிப்பது, சுமப்பது, ஓடுவது, குத்தவைத்து எழுவது என அமைந்த வேலைகளுக்குத் திரும்ப ஓராண்டை ஒட்டிக் காலம் பிடிக்கும். எலும்பு கூடினால் மட்டும் போதாது. மூட்டுகளும் அந்த வேலைக்கு வேண்டிய அளவு மடங்கி நிமிர வேண்டும்.

வரலாறு

இத்தாலிய மருத்துவர் அலெஸாந்த்ரோ கொடிவில்லா, எலும்பை வெட்டி இழுத்து நீட்டும் முறையை 1905இல் வெளியிட்டார். வெட்டிய எலும்பைச் சிறுகச் சிறுகப் பிரித்தால் இடைவெளியில் புது எலும்பு வளரும் என்று நிலைநாட்டியவர் சோவியத் மருத்துவர் கவ்ரீல் இலிசாரோவ் (1921–1992). வளையங்களும் கம்பிகளும் கொண்ட அவரது கருவி, 1950களில் மேற்குச் சைபீரியாவின் குர்கானில் உருப்பெற்றது.

அவரிடம் சிகிச்சை பெற்றவர்களுள் பெயர்பெற்றவர் உயரம் தாண்டும் வீரர் வலேரி புரூமெல். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அவரது கால், 1965இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் நொறுங்கியது. பல அறுவைகளுக்குப் பின் இலிசாரோவிடம் சென்று தேறி, மீண்டும் 2 மீட்டருக்கு மேல் தாண்டினார். 1963இல் தாம் படைத்த 2.28 மீட்டர் உலக சாதனையை அவரால் மறுபடி எட்ட முடியவில்லை. அவருக்கு நடந்தது காயத்துக்கான சிகிச்சை, அழகுக்காகச் செய்துகொண்டதன்று.

செய்முறையும் காலமும்

எலும்பை வெட்டிய பின் 5 முதல் 7 நாள் விட்டு, நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம், பெரும்பாலும் நான்கு தவணையாக நீட்டுவார்கள். 5 சென்டிமீட்டர் நீள ஏறத்தாழ 50 நாள் ஆகும். புது எலும்பு இறுக அதைவிடக் கூடுதலான மாதங்கள் வேண்டும். எக்ஸ்-ரேயில் எலும்பின் நான்கு புறங்களில் மூன்றிலாவது தொடர்ச்சி தெரிந்த பிறகே முழு எடையையும் ஊன்ற மருத்துவர்கள் வழக்கமாக அனுமதிக்கிறார்கள்.

எலும்புக்குள் பொருத்திக் காந்தத்தால் நீட்டும் ஆணிகள் 2011 முதல் அமெரிக்காவில் புழக்கத்தில் உள்ளன. முன்னதாகவே எடை ஊன்றலாம் என்று வந்த எஃகு ஆணி வகை ஒன்று, அரிப்பும் எலும்பு மாற்றங்களும் தெரிந்ததால் 2021இல் திரும்பப் பெறப்பட்டது.

தடைகள்

எலும்பு நீளும் வேகத்துக்குத் தசையும் நரம்பும் ஈடுகொடுப்பதில்லை. கீழ்க்காலை நீட்டினால் குதிகால் தசைநாண் இறுகி, பாதம் நுனிக்காலில் நிற்கும். தொடையை நீட்டினால் முழங்கால் மடங்காமல் விறைக்கும். கம்பி நுழைந்த இடத்தில் சீழ், எலும்பு கூடாமை, நரம்புப் பாதிப்பு, ரத்த உறைவு ஆகியவையும் நேரலாம். நாள்தோறும் பிசியோதெரபி செய்யாதவர்கள், எலும்பு கூடிய பின்னும் வேலைக்குத் தகுதி பெறாமல் போகலாம்.

தொழில்வாரியாகத் திரும்புதல்

ஒரு வேலை காலிடம் எதைக் கேட்கிறது என்பதற்கு, வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றிய சின்ன காஞ்சிபுரத்தின் தொழில்கள் நல்ல எடுத்துக்காட்டு.

பட்டு நெசவு: குழித்தறியில் நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கிறார். உடல் எடை காலில் இறங்குவதில்லை. ஆனால் கணுக்கால் நாள் முழுதும் மேலும் கீழும் அசைய வேண்டும். ஆகவே நுனிக்கால் விறைப்பு உள்ளவருக்கு நடப்பதைவிட மிதிப்பதே கடினமாகலாம். குழியும் மிதியின் கயிறும் ஆளின் காலளவுக்கு அமைந்தவை. கீழ்க்கால் 5 சென்டிமீட்டர் நீண்டால் முழங்கால் உயர்ந்து, மடியருகே துணி சுருளும் மரத்தில் இடிக்கும். கயிற்றை இறக்கவோ குழியை ஆழப்படுத்தவோ நேரும். குழியில் இறங்கி ஏறுவதும், தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போடும்போது அதன் நெடுக நடப்பதும் முழு எடையையும் தாங்கும் கால்களைக் கேட்கும். இடைக்காலத்தில் உட்கார்ந்தபடி ஊடை நூலைத் தாரில் சுற்றலாம். கூலி சேலைக் கணக்கில் வருவதால் தறி நிற்கும் மாதங்களில் வருமானமும் நிற்கும்.

சுவாமி புறப்பாடு: வைகாசி பிரம்மோற்சவத்தில் கருட சேவை உள்ளிட்ட வாகனங்களைச் சீர்பாதம் தாங்கிகள் தோளில் சுமக்கிறார்கள். ஒரே தண்டைச் சுமப்பவர்களில் உயரம் கூடியவர் தோளில் பாரம் அதிகம் இறங்கும். நீட்டிய காலுடன் பழைய இடத்தில் நிற்பவர், முன்பு சுமந்ததைவிடக் கூடுதலாகச் சுமக்க நேரும்.

காவல் பணி: ஊர்த் தொழில்களைத் தாண்டி, உயரமே தகுதியாக உள்ள வேலைகளும் உண்டு. தமிழ்நாடு காவல்துறை இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்களுக்குப் பொதுவாக 170 செ.மீ., பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 167 செ.மீ. உயரம் வேண்டும். அதோடு 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். கயிறு ஏறுதலும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. அறுவையால் உயரத்தை எட்டியவருக்கு ஓட்டமே பெரிய தடையாகலாம்.

ஒழுங்குமுறை

அழகுக்கான கால் நீட்டலைச் சீனா 2006இல் தடைசெய்து, மருத்துவக் காரணங்களுக்கு மட்டும் அனுமதித்தது. இந்தியாவில் 2016இல் ஹைதராபாதில் ஓர் இளைஞர் குடும்பத்தாருக்குத் தெரிவிக்காமல் இந்த அறுவையைச் செய்துகொண்டது பெரும் சர்ச்சையாயிற்று. அறுவைசெய்த மருத்துவரின் பதிவை, தெலங்கானா மாநில மருத்துவக் கவுன்சில் இரண்டு ஆண்டுகளுக்கு இடைநிறுத்தியது. வேலையை நம்பி வாழ்பவர் அறுவைக்கு ஒப்புமுன், தம் தொழிலின் அசைவுகளையும் வருமானமில்லா மாதங்களையும், உள்ளே வைத்த ஆணியைப் பின்னர் எடுக்க வேண்டிய இரண்டாம் அறுவையையும் மருத்துவரிடம் பேசித் தெளிய வேண்டும்.