விற்பனைக்கு அல்ல



நேற்று ரத்த அழுத்த மாத்திரை வாங்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். அட்டையில் 'தமிழ்நாடு அரசு - விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டிருந்தது. பின்னால் நின்ற இளைஞர், "ஓசி மாத்திரை வேலை செய்யுமா சார்?" என்று கேட்டார். வரிசையில் நின்றபடி முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

1980-களின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியராக இருந்தேன். நான்காம் வகுப்பில் ஒரு பையனுக்கு வலிப்பு நோய். அப்பா கம்பெனியில் தினக்கூலி. அரசு மருத்துவமனையில் டாக்டர் நன்றாகத்தான் பார்த்தார். மருந்து தரும் ஜன்னலில்தான் "ஸ்டாக் இல்லை, வெளியில வாங்கிக்கோங்க" என்பார்கள். ஒரு மாதத்துக்கு எழுதிய மாத்திரையில் பத்து நாளுக்கு வாங்குவார்கள். அது தீர்ந்ததும் பையன் வகுப்பிலேயே விழுவான். "மருந்தை ஏன் நிறுத்தினீங்க?" என்று அவன் அப்பாவைக் கடிந்துகொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் மருந்துக்கடை பில்லை எடுத்துக் காட்டினார். அடுத்த வருடம் பையனின் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கடிந்த பேச்சு இன்றும் என்னை உறுத்துகிறது.

அந்த ஜன்னல் காலியாக இருந்ததற்குப் பணம் மட்டும் காரணமில்லை. வாங்கும் முறையே சரியில்லை. ஒரு மருந்து குவிந்து காலாவதியாகும். அவசர மருந்து இருக்காது. எந்த மருந்துகள் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும் என்ற பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 1977-லேயே வெளியிட்டிருந்தது. அதற்கும் முன், 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தால், ஒரே மருந்தை வேறு செய்முறையில் தயாரிக்க நம் நாட்டுக் கம்பெனிகளுக்கு வழி கிடைத்திருந்தது. பட்டியல் இருந்தது, தயாரிப்பாளர்களும் இருந்தார்கள். ஒழுங்காக வாங்க ஆள் இல்லை.

அதற்காக 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. 1995-இல் மாநிலம் முழுமைக்கும் ஒரே இடத்திலிருந்து கொள்முதல் ஆரம்பமானது. பிராண்டு பெயரில் அல்லாமல் மருந்தின் பொதுப்பெயரில் டெண்டர். முதலில் தகுதி உறை. அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டும் பிரிப்பார்கள். வந்த சரக்கு மாவட்டக் கிடங்கில் இறங்கும். மாதிரிகளைக் கம்பெனி பெயர் தெரியாதபடி மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். தேறினால்தான் மருத்துவமனைக்குப் போகும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியில் இருப்பதுபோல ஒரு பாஸ்புக்; ஒதுக்கிய தொகைக்குள் தேவையான மருந்தை அவர்களே கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். திருடி வெளியில் விற்காமல் இருக்கத்தான் அட்டையில் அந்த அச்சு. 2011-இல் ராஜஸ்தான் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது நம் முறையைத்தான் பின்பற்றியது.

தம்பி, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். அது ஓசி அல்ல. நம் வரிப்பணத்தில் மொத்தமாக வாங்கி, சோதித்துத் தருவது. குறையே வராது என்று சொல்லவில்லை. வந்தால் கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் மாத்திரைக்கு விலை இல்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. சிப்காட்டில் ஷிப்டு பார்ப்பவர் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. 2021-இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து இந்தச் சுமையைக் கொஞ்சம் இறக்கியது. இன்னொரு வழி இ.எஸ்.ஐ. அதில் சேர்ந்தவருக்கு மருந்தும் உண்டு, நோயால் வேலைக்குப் போக முடியாத நாளுக்குப் பணப்பலனும் உண்டு. 2017 முதல் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு அது பொருந்தும். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். காண்டிராக்ட் ஆட்களுக்கும், ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்களுக்கும் இதே சட்டம்தான். கார்டே கையில் இல்லாதவர்கள் நம் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம்.

என் பழைய மாணவர்கள் பலர் அந்தக் கம்பெனிகளில் சூப்பர்வைசராக இருக்கிறீர்கள். உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவர்களிடம் நாளைக்கே ஒரு வார்த்தை கேளுங்கள்: "இ.எஸ்.ஐ. நம்பர் இருக்கா?" நான் அன்று அந்த அப்பாவைக் கடிந்துகொள்ளாமல், மருந்துக்கு என்ன வழி என்று கேட்டிருக்க வேண்டும்.